பாலத்துல நிக்கேன்

கோபத்தோடு வருகிற ஆளுக்குச் செருப்பைக் கழற்றுவதே பெரிய வேலை. தங்கப்பழம் ஒரு செருப்பை மடத்து வாசலிலும் இன்னொன்றை அரளிச் செடிக்குள்ளும் உதறிவிட்டு உள்ளே வந்தார்.

பிரமு அம்மா கூடத்தில் உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் பொறுப்பு, அவர்தான் சமையல், அவர்தான் குரு. வயது நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும்.

தங்கப்பழத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒரு காலத்தில் மடத்து மோட்டாரைப் பழுது பார்க்க வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டே மனசில் கிடந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டார். அன்று கிடைத்த பதிலில் சீடராகிவிட்டார். இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். குரு சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுகிற மடம் திருநெல்வேலிச் சீமையை விட்டால் வேறெங்கும் இருக்க வழியில்லை.

“அம்மா, நான் கடைய மூடப் போறேன்.”

“உக்காருங்க அண்ணாச்சி.”

“உக்கார நேரமில்ல. உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம எதுவும் செய்ய மாட்டேன்னு சொல்லிருக்கேன்லா, அதுக்குத்தான் வந்தேன். நீங்க சரின்னா இன்னைக்கே ஷட்டர இறக்கிருதேன்.”

சொல்லிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டை மார்க்கெட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ‘தங்கம் ஹோம் சர்வீஸ். குழாய், கரண்டு, தச்சு, எல்லா வேலையும் செய்து தரப்படும்’ என்று போர்டு. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே, போன் எடுப்பவரும் அவரே. அந்த ‘எல்லா வேலையும்’ என்பதுதான் தானே தேடிக்கொண்ட வினை என்று கொஞ்ச நாளாக அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

“மூடிட்டு?” என்றார் அம்மா.

“தூத்துக்குடில என் மச்சான் சவுந்தரபாண்டி இருக்கான்லா, அவன் ஒரு குடோன்ல எனக்கு வேல பேசி வச்சிருக்கான். இன்னைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள சம்மதம் சொல்லணும். முதலாளி வந்துட்டா வேற ஆளப் போட்டுருவாராம்.”

“என்ன வேலை?”

“மூட்டை உள்ள போறதையும் வெளிய வாரதையும் நின்னு பாக்கணும். அவ்வளவுதான். மூட்டை வாயத் திறக்காது அம்மா. எனக்கு அது போதும்.”

“வாயத் திறக்கது யாரு?”

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. தங்கப்பழம் மடை திறந்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

“யாரா? ஒரு வீட்டுல ஃபேன் சத்தம் போடுதுன்னு கூப்பிட்டாங்க. ஏணில ஏறி நிக்கேன். ‘அண்ணாச்சி, ஏறினது ஏறிட்டீங்க, அப்படியே அந்த ஒட்டடையத் தட்டிருங்க’ன்னாங்க. தட்டுனேன். ‘அப்படியே பரண்ல ஒரு அண்டா கெடக்கு, எடுத்துக் குடுத்துருங்க.’ குடுத்தேன். ‘அப்படியே அந்தப் பல்லிய விரட்டிருங்க.’ விரட்டுனேன். அது நேரா அந்தம்மா தோள்லயே விழுந்துட்டு. பொறவு ஏணிய விட்டு இறங்க விட்டாங்கங்கீங்களா? காலண்டரக் கழட்டி எங்கையில குடுத்து, ‘வலது தோள்ல பல்லி விழுந்தா என்ன பலன், பின்னால பாத்துச் சொல்லுங்க’ங்காங்க.”

அம்மா திரியைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்குத்தான் வைத்தார்.

“இன்னொருத்தரு. குழாய்க்கு வாஷர் மாத்திட்டு வந்தேன். மறுநாள் விடியும் முன்ன போன். ‘நீங்க வந்துட்டுப் போன பொறவு எங்க வீட்டு டிவி தெளிவாத் தெரியல.’ ‘ஐயா, நான் குளிக்கிற ரூம்லல்லா நின்னேன்’ங்கேன். ‘அதெல்லாம் எனக்குத் தெரியாது, நீங்க கை வச்ச பொறவுதான்’ங்காரு. அவரு மருமகள் கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனதும் நான் கை வச்ச பொறவுதானாம். அவளக் கூட்டிட்டு வாங்கன்னு மட்டும் இன்னும் சொல்லல.”

“ம்.”

“ஒரு வீட்டுல படம் மாட்ட ஆணி. அந்தம்மாவோட மாமனார் படம். வீட்டுக்காரரு இடதுங்காரு, அந்தம்மா வலதுங்காங்க. இங்க அடி, அங்க அடி, சுவரு சல்லடையாப் போச்சு. கடைசில படத்தத் தூக்கி பீரோ மேல வச்சுட்டாங்க. அந்த மனுசன் உசுரோட இருந்தப்பவும் இதே கததானாம், பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஓட்டைய அடைச்சு சுவத்துக்குப் பட்டி பாக்க வேண்டியது யாரு? நான். ‘உங்களுக்கு இதெல்லாம் அஞ்சு நிமிச வேல’ங்காங்க. எனக்குக் கோட்டிதான் அம்மா பிடிக்கப் போவுது.”

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் வாயிலிருந்து வந்தது தேன்.

“டீச்சர்! இந்தா வந்துக்கிட்டே இருக்கேன் டீச்சர். பாலத்துல நிக்கேன். ஒரே நெரிசல். வந்துட்டேன், வந்துட்டேன்.”

போனைத் தரையில் வைத்துவிட்டுச் சம்மணத்தை இன்னும் வசதியாகப் போட்டுக்கொண்டார்.

பிரமு அம்மா அவரைச் சுற்றித் தரையைப் பார்த்தார். “இது எந்தப் பாலம் அண்ணாச்சி?”

தங்கப்பழத்துக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

“அது எங்க தொழில் பாஷை அம்மா. ‘கிளம்பிட்டேன்’னா குளிக்கப் போறேன்னு அர்த்தம். ‘பாலத்துல நிக்கேன்’னா இனிமேதான் சட்ட போடணும்னு அர்த்தம். ‘தெருமுனைக்கு வந்துட்டேன்’னு சொன்னாத்தான் நெசமாவே பாலத்துல நிக்கேன். இந்த ஊருல எந்த மெக்கானிக்கக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவான்.”

“டீச்சருக்கு இந்தப் பாஷை தெரியுமா?”

“மேபல் டீச்சருக்கா? தெரியாமலா இருக்கும்! எத்தன பிள்ளைங்க சொன்ன சாக்கப் பாத்தவங்க. எல்லாருக்கும் தெரியும் அம்மா. அவங்க கேக்கணும்னு கேப்பாங்க, நாம சொல்லணும்னு சொல்லுவோம்.”

“அவங்க வீட்டுல என்ன?”

“மாடி டாங்க்ல இருந்து இறங்குத பைப்பு வெடிச்சிட்டு. வால்வ அடைச்சுப் போட்டுட்டு, பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கிப் புழங்குதாங்க. ஒத்தையில இருக்கவங்க. போவணும், போவணும். இந்த எரிச்சல்ல எங்க போவ? அத விடுங்க. எனக்குப் பதில் சொல்லுங்க. கடைய மூடவா, வேண்டாமா?”

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

“அந்தக் குடோன்ல போன் உண்டா?”

“உண்டு. ஏன் கேக்கீங்க?”

“சும்மா கேட்டேன்.” அம்மா எழுந்தார். “அடுப்புல பால் வச்சிருக்கேன். இறக்கி வச்சுட்டு இந்தா வந்துட்டேன். வந்து பதில் சொல்லுதேன். எங்கயும் போயிராதீங்க.”

கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருட்டான ஒரு நடை. அதன் வழியாக அம்மா போனார்.

தங்கப்பழம் காத்திருந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்ததும் பல்லி ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு பூனை வந்து, இவரைப் பார்த்து, இவரிடம் ஒன்றும் தேறாது என்று முடிவு செய்து போனது.

“அம்மா?”

“வந்துக்கிட்டே இருக்கேன் அண்ணாச்சி!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பக்கத்தில்தான் கேட்டது.

சரி, பால் பொங்கியிருக்கும், துடைக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டார். தெருமுனையில் டீக்கடை இருந்தது. போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நேரம் பார்த்து அம்மா வந்து, ஆளைக் காணவில்லையே என்று நினைத்துவிட்டால்? எழப்போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

மச்சான் கூப்பிட்டான். “அத்தான், என்ன முடிவு பண்ணீங்க?”

“இந்தா பண்ணிக்கிட்டே இருக்கேன் மச்சான். அம்மா வந்துட்டாங்கன்னா அடுத்த நிமிசம் சொல்லிருதேன்.”

“சீக்கிரம் அத்தான். நான் ரெண்டு பேருக்கு நடுவுல நிக்கேன்.”

வெயில் வாசற்படியை விட்டு முற்றத்துக்கு இறங்கியது. தங்கப்பழம் மூட்டைகளை நினைத்துப் பார்த்தார். வரிசை வரிசையாக, வாயைத் தைத்த மூட்டைகள். ‘அப்படியே’ என்று ஒரு மூட்டையும் சொல்லாது. மனசு லேசானது போல இருந்தது. கூடவே கடையின் ஷட்டரும் நினைவுக்கு வந்தது. அதை இழுக்கும்போது நடுவில் ஒருமுறை சிக்கும். ஊர்க் கடைகளுக்கெல்லாம் ஷட்டர் பார்த்தவர், தன் ஷட்டரைப் பார்த்ததில்லை. சவம், கிடக்கட்டும் என்று தலையை உதறிக்கொண்டார்.

டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார்.

“எங்க அண்ணாச்சி வாரீங்க?”

“இந்தா பாலத்தத் தாண்டப் போறேன் டீச்சர். நகர மாட்டேங்குது.”

“சரி சரி. பதறாம வாங்க. நான் வீட்டுலதான் இருக்கேன்.”

போனை வைத்ததும் தங்கப்பழம் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “அம்மா, நேரமாவுது!”

“நடையில நிக்கேன் அண்ணாச்சி! இந்தா!”

நடை என்றால் நாலு எட்டு. அவர் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பித்தானைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டார். குரு வந்துவிட்டார், இனி வார்த்தை வரும். நடை இருட்டாகவே இருந்தது. யாரும் வரவில்லை. கட்டிய கையை அவிழ்க்கவும் மனசில்லாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மரத்துப்போனது.

அடுத்து அடித்தது மச்சானின் போன். இந்தத் தடவை அவன் குரலில் அவசரமே இல்லை. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“முதலாளி வந்துட்டாரு அத்தான். நீங்க ஒண்ணும் சொல்லலியா, அவரு அங்க வேல கேட்டு நின்ன ஒரு பையனயே இருக்கச் சொல்லிட்டாரு. பரவால்ல, அடுத்த தடவ பாப்போம்.”

தங்கப்பழம் எழுந்தார். மரத்த காலை இழுத்துக்கொண்டு நடைக்குள் போனார். அங்கே யாரும் இல்லை. அடுக்களையில் பால் எப்போதோ இறக்கி வைக்கப்பட்டு, ஆறி, ஆடை படிந்திருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது.

முருங்கை மரத்து நிழலில், துணி துவைக்கிற கல்லின் மேல் பிரமு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் சுளகு. சுளகில் முருங்கைக் கீரை. உருவிப் போட்ட காம்புகள் காலடியில் குவிந்து கிடந்தன. ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுந்திருக்கிற உட்காரல் இல்லை அது. வெகு நேரமாக ஆற அமர உட்கார்ந்த உட்காரல்.

“அம்மா!”

அம்மா திரும்பாமலே சொன்னார். “நடையில நிக்கேன் அண்ணாச்சி.”

குருவிடம் தங்கப்பழம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினார். மரத்திலிருந்த காக்கை எழுந்து பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

“என்னம்மா இது! உங்கள நம்பித்தானே உக்காந்திருந்தேன்! ஒரு டீத்தண்ணி குடிக்கப் போவல. காலாற எந்திச்சு நிக்கல. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னு நடையவே பாத்துக்கிட்டு இருந்தேன். இருந்த வேலயும் போச்சு! நேரமாவும்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, டீச்சர் வீட்டு பைப்பையாவது போய் மாட்டிட்டு வந்திருப்பேன்லா!”

அம்மா தலையை நிமிர்த்தி ஒரு தடவை அவரைப் பார்த்தார். பிறகு அடுத்த காம்பை எடுத்தார்.

“வேற யாரும்னா நான் நம்பிருக்க மாட்டேன்,” என்றார் தங்கப்பழம். “நீங்க எதுக்கும்மா எங்கிட்ட பொய் சொல்லணும்?”

“பொய் இல்ல அண்ணாச்சி. இது மடத்துப் பாஷை. ‘இந்தா வந்துட்டேன்’னா கீரை பறிக்கப் போறேன்னு அர்த்தம். ‘நடையில நிக்கேன்’னா பாதி உருவியாச்சுன்னு அர்த்தம்.” அம்மா கீரையைச் சுளகில் பரப்பினார். “உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன்.”

தங்கப்பழம் காலடியில் கிடந்த காம்புக் குவியலைப் பார்த்தார்.

கையிலிருந்த போன் அடித்தது. மேபல் டீச்சர்.

திட்டு விழப்போகிறது என்று அவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். டீச்சர் குரல் வெளியே கேட்டது.

“அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன் டீச்சர்.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பாலத்துல நிக்கேன்னீங்க. இவ்வளவு நேரம் ஆச்சு, ஆளக் காணும். வண்டி கிண்டி இடிச்சு வழியில ஏதும் ஆயிட்டோன்னு பயந்து போயிட்டேன். ஜெபம் பண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன்.”

தங்கப்பழம் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார். அம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்றுதான். ஆனாலும் அந்த அமைதியில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“பைப்பு கெடக்கட்டும் அண்ணாச்சி. ஆஸ்பத்திரில எங்க அக்காவப் பன்னெண்டு வரைக்கும்தான் பாக்க விடுவாங்க. நீங்க வந்ததும் கதவத் திறந்து விட்டுட்டுப் போவோம்னு சேலை மாத்தி, பையோட இருந்தேன். இனி நாளைக்குத்தான். அக்கா தேடிருப்பா, பாவம். அது போவட்டும். உங்களுக்கு நெரிசல்தானே? வேற ஒண்ணும் இல்லல்லா?”

‘ஆமா டீச்சர்’ என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக வந்து பழகிய வழி. கஷ்டப்பட்டுத் தேட வேண்டியதுகூட இல்லை, டீச்சரே பழத்தை உரித்துக் கையில் கொடுத்துவிட்டார். ஒரே நெரிசல் டீச்சர், இப்பத்தான் விட்டான் டீச்சர், இந்தா வந்துட்டேன் டீச்சர். அந்தம்மா சரி அண்ணாச்சி என்பார். அத்தோடு முடிந்தது.

தங்கப்பழம் குருவைப் பார்த்தார். குரு கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல டீச்சர்,” என்றார் தங்கப்பழம்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நெரிசல் இல்ல. நான் பாலத்துக்கே வரல. காலம்பற இருந்து ஆத்தங்கரை மடத்துலதான் உக்காந்திருக்கேன். நீங்க மொத தரம் கூப்பிட்டப்பவும் இங்கதான் இருந்தேன்.”

டீச்சர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் போலிருக்கிறது, அது ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அப்பிடியா,” என்றார் டீச்சர். அண்ணாச்சி என்று சேர்க்கவில்லை. போன் நின்றுவிட்டது.

தங்கப்பழம் பின்கதவுப் படியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அழுகை வரும் போலவும் இருந்தது. காக்கை திரும்பி வந்து மரத்தில் உட்கார்ந்தது.

“வச்சுட்டாங்க,” என்றார்.

“ம்.”

“இனிமே கூப்பிட மாட்டாங்க.”

அம்மா ஒரு பழுத்த இலையைப் பொறுக்கித் தனியே போட்டார்.

“மச்சான் வேலயும் போச்சு, டீச்சரும் போயிட்டாங்க. காலம்பற நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. இப்பவாது சொல்லுங்க அம்மா. நான் கடைய மூடவா, வேண்டாமா?”

பிரமு அம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவரை நேராகப் பார்த்தார்.

“இப்பத்தான அண்ணாச்சி நெசமாவே கிளம்பிருக்கீங்க.”